பரளிக்காடு பரிசல் பயணம்: களிக்காகவே போகலாம்

கோவையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். காரமடை, வெள்ளியங்காடு தாண்டி மலைப்பாதையில் போனால், பில்லூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டி இருக்கிறது பரளிக்காடு. வனத்துறை மேற்பார்வையில் சுற்றுவட்டார இருளர் ஊர்க்காரர்கள் நடத்தும் சூழல் சுற்றுலா இது. பரிசல் ஓட்டுவது ஊர் ஆண்கள். சமைப்பது மகளிர் குழுப் பெண்கள். பரிசல், மதியச் சாப்பாடு, காட்டு நடை, ஆற்றுக் குளியல் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கம். மலையில் வேறு வேலை அரிதான இந்த ஊர்களுக்குள்ளேயே அதிலிருந்து கூலி போய்ச் சேர்கிறது. எங்களுக்கு இது பிடிக்க முதல் காரணம் அதுதான்.

வழக்கமாகச் சனி, ஞாயிறுதான், முன்பதிவு கட்டாயம். பதிவான தலைகளை எண்ணித்தான் உலை வைக்கிறார்கள். நாலு பேருக்குச் சொல்லிவிட்டு ஏழு பேராகப் போய் நின்றால், அடுத்தவர் இலையில்தான் குறையும். காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். தாமதமானால் முதலில் அடிபடுவது காட்டு நடை. ஏற்கெனவே அது சின்னதுதான். பெட்ரோல், பணம் இரண்டையும் காரமடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மதுவும் பிளாஸ்டிக்கும் கூடாது.

ஒரு பரிசலுக்கு நாலு பேர். உயிர்காப்பு உடையை மாட்டி வாரை இறுக்கிய பிறகே கால் வைக்க வேண்டும். விளிம்பில் மிதித்தால் பரிசல் சாயும். நடுவில் மிதித்து, உடனே உட்கார்ந்து, எதிரும் புதிருமாக எடையைப் பிரித்துக்கொள்ளுங்கள். செல்ஃபிக்காக ஒருவர் எழுந்தால் நாலு பேருக்கும் ஆபத்து. தலைசுற்றல் உள்ள பெரியவர்கள் கூட இருந்தால், பரிசலைச் சுழற்ற வேண்டாம் என்று ஓட்டுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோடையில் தண்ணீர் உள்வாங்கும்போது சேற்றில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டிவரும். ஷூ வேண்டாம், வார் வைத்த செருப்பு போதும்.

சாப்பாட்டில் பிரியாணி, சப்பாத்தி என்று நகரத்துக்குப் பழகியதும் உண்டு. ஆனால் கை போக வேண்டியது ராகிக் களிக்கும் கீரைக்கும். களி ஆறினால் மேலே தோல் கட்டி இறுகிவிடும். சூடாக இருக்கும்போதே நடுவில் குழி பறித்து, குழம்பை விட்டு, சின்னச் சின்ன உருண்டையாகத் தோய்த்து விழுங்குங்கள். மென்றால் பல்லில் ஒட்டும். பழக்கமில்லாதவர்கள் பாதி உருண்டை வாங்கினால் போதும். முழுசாக வாங்கி இலையில் மூடுவது, அதிகாலையில் அடுப்பு மூட்டிய பெண்களுக்கு நாம் செய்யும் அவமரியாதை.

குறை என்றால், காட்டைப் பற்றியோ ஊரைப் பற்றியோ யாரும் தானாக விளக்குவதில்லை. கூட வரும் ஊர்க்காரரிடம் “அண்ணா, இது என்ன மரம்?” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அதிலேயே தொடங்கிவிடும்.

கடைசியாக அத்திக்கடவில் பவானி ஆற்றுக் குளியல். அத்திக்கடவு–அவினாசி நீர்த் திட்டத்தின் பெயரில் வரும் அதே அத்திக்கடவுதான். மலையில் மழை பெய்தாலோ, மேலே அணையில் தண்ணீர் திறந்தாலோ இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறும். பிள்ளைகளை முழங்கால் ஆழத்துக்கு மேல் விடாதீர்கள். கூட வந்தவர் “மேல ஏறுங்க” என்றால், துண்டைக்கூடத் தேடாமல் கரையேறிவிடுங்கள்.