சேற்று மலைக்கு எது: வாட்டர்ப்ரூஃப் பூட்டா, மெஷ் (வலைத்துணி) ஷூவா?

சென்னையிலிருந்து ஜூலை மழையில் கூட்டாளிகளோடு கர்நாடகத்தின் குதிரேமுக் மலை ஏறப் போகிறவர்கள் குழம்புவது இதில்தான். போய்வர சுமார் 20 கி.மீ.; ஓடைகள், வழுக்கும் புல்சரிவு, ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி.

தண்ணீர்:
பூட் – ஈரப்புல்லைத் தாங்கும். ஓடை நீர் விளிம்பைத் தாண்டி உள்ளே புகுந்தால் வெளியேறாது. பாதம் ஊறிக் கொப்புளம் வரும்.
மெஷ் – உடனே நனையும், நடக்க நடக்க நீர் வடிந்துவிடும்.

பிடிப்பு: இரண்டிலும் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் கட்டைகள் 5 மி.மீ. உயரமாவது, இடைவெளி விட்டு இருக்கட்டும். நெருக்கமாக இருந்தால் களிமண் அப்பி, அடி வழவழவென்று ஆகிவிடும்.

கணுக்கால்: பூட்தான்.

உழைப்பு: அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த பூட்டை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பாலியூரித்தேன் (ஒரு வகை பிளாஸ்டிக்) அடி மட்கி, பாதி மலையில் கழன்றுவிடும். கட்டைவிரலால் அழுத்துங்கள், பொடிந்தால் வேண்டாம்.

காய்வது: செய்தித்தாள் திணித்தால் மெஷ் சீக்கிரம் காயும். பூட்டுக்கு இரண்டு நாள்கூட ஆகலாம்.

விலை: பெரும்பாலும் மெஷ் மலிவு.

சின்னப் பையோடு ஒரே நாளில் திரும்புபவருக்கு மெஷ். கணுக்கால் ஏற்கெனவே சுளுக்கியவர், குழுவின் சுமையைத் தூக்குபவர் பூட் வாங்கலாம். எதுவானாலும் அட்டைப்பூச்சி கடிக்காதபடி முழங்கால் வரை உறை, மாற்றுச் சாக்ஸ் இரண்டு ஜோடி.