செக் எஞ்சின் விளக்கும் எழுநூறு ரூபாய்க் கருவியும்: மூன்று ஆண்டு அனுபவம்

வண்டி 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், நான்கு சிலிண்டர், 1.2 லிட்டர். கோவை சிங்காநல்லூரிலிருந்து திருப்பூருக்கு வாரத்தில் மூன்று நாள் போய்வரும். மூன்று ஆண்டுக்கு முன், 82,000 கி.மீ. ஓடியிருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலை மீட்டரில் அந்த மஞ்சள் எஞ்சின் படம் எரிந்தது. வண்டி ஓடுவதில் எந்த வித்தியாசமும் இல்லை. பெட்ரோல் மூடியை இறுக்கினால் போய்விடும் என்று யூடியூபில் அமெரிக்கர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். இறுக்கினேன், போகவில்லை.

வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "ஆக்சிஜன் சென்சார் போயிருக்குங்க சார்" என்றார்கள். சென்சார் 6,400 ரூபாய். கூடவே திராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங் என்று இன்னொரு 4,300. விளக்கு அணைந்தது. பதினோராம் நாள், அவினாசி பாலத்துக்குக் கீழே நிற்கும்போது மறுபடி எரிந்தது. திரும்பப் போனால், "பேட்டரி டெர்மினலைக் கழட்டி மாட்டுங்க, அணைஞ்சிரும்" என்றார்கள். அணையத்தான் செய்யும். கம்ப்யூட்டரின் நினைவை அழித்தால் விளக்கு அணையாமல் என்ன செய்யும்?

அன்றிரவுதான் ஆன்லைனில் ஓபிடி புளூடூத் அடாப்டர் ஒன்று வாங்கினேன், 700 ரூபாய். வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டும் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் உள்ள சாக்கெட் இருக்கும், அதில் சொருக வேண்டும். போனில் 1234 என்று கொடுத்து இணைத்து, டார்க் (Torque) போன்ற ஒரு ஆப்பைத் திறந்தால் கோடு (code), அதாவது கோளாறின் குறியீட்டு எண், தெரியும். ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான் இந்த ரகம். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது பிஎல்இ (குறைந்த மின்சாரப் புளூடூத்) ரகம் பார்த்து வாங்க வேண்டும். உள்ளே இருப்பது கனடா ஈஎல்எம் நிறுவனத்தின் 327 சிப்பின் நகல். அட்டையில் 'வெர்ஷன் 1.5' என்று பெருமையாகப் போட்டிருந்தது. அசல் நிறுவனம் 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே இல்லை! ஆனாலும் என் வண்டியில் வேலை செய்கிறது.

வந்த கோடு பி0171. காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்று பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று அதில் எங்கும் இல்லை. எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் முன்பக்க ஆக்சிஜன் சென்சார், புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்துச் சொல்வதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. கூட்டிக் கூட்டி எல்லையைத் தொட்டதும் விளக்கைப் போடுகிறது. அதுவும் முதல் தடவையே போடாது. பெரும்பாலான கோளாறுகளுக்கு அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்தில் அதே தப்பு தெரிந்தால்தான் விளக்கு எரியும். சும்மா அழித்துவிட்டால் சில நாள் அமைதியாக இருந்துவிட்டு மறுபடி வருவது இதனால்தான். அந்த இடைவெளியில் 'சரியாகிவிட்டது' என்று பில் போட்டுவிடலாம்.

கோடு படிப்பதைவிட இந்தக் கருவியில் எனக்கு உதவியது ஓடும்போதே எண்களைக் காட்டும் பக்கம்தான். அதில் பியூவல் டிரிம் என்று இரண்டு எண்கள் உண்டு, குறுகிய காலத்துக்கு ஒன்று, நீண்ட காலத்துக்கு ஒன்று. பெட்ரோலை வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. ஐந்துக்குள் மேலே கீழே ஆடினால் நல்லது. என் வண்டி ஐடிலிங்கில் நின்றபோது நீண்ட காலம் 19, குறுகியது 6. ஆக 25 சதவீதம் கூடுதல் பெட்ரோல்! ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்தால் இரண்டும் சேர்ந்து 5க்கு இறங்கியது.

இணையத்தில் படித்ததை வைத்து, எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கம் எங்கோ காற்று இழுக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. வேக்கம் ஹோஸ் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தேன், பிரேக் பூஸ்டர் குழாயைக் கிள்ளிப் பார்த்தேன், எலி கடித்திருக்குமோ என்று ஒயரையெல்லாம் டார்ச் அடித்துத் தேடினேன். ஒன்றும் இல்லை. மைலேஜ் மட்டும் 16லிருந்து 12க்கு வந்திருந்தது.

அப்பாவுக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவர் உண்டு. ஒண்டிப்புதூர் பக்கம், புளியமரத்தடிக் கொட்டகை. போனில் எண்களைக் காட்டியபோது அவர் பெரிதாக அசரவில்லை. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைத் தூக்கி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, என் உள்ளங்கையில் வைத்தார். முனை கன்னங்கரேல் என்று இருந்தது. விரலால் தேய்த்தால் அடுப்புக்கரி மாதிரி ஒட்டியது.

"கம்ப்யூட்டரு பெட்ரோல் பத்தலைங்குது, பிளக்கு பெட்ரோல் ஜாஸ்திங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுதுங்க தம்பி" என்றார்.

எனக்கு விளங்க அரை நிமிடம் ஆனது. பெட்ரோல் நிஜமாகவே பத்தாமல் ஓடிய எஞ்சினில் பிளக் வெளுத்திருக்கும். இங்கே கறுத்திருக்கிறது. அப்படியென்றால் எஞ்சினுக்குள் பெட்ரோல் கூடுதலாகத்தான் எரிகிறது, சென்சார்தான் ஏமாறுகிறது. புது சென்சார் போட்டும் ஏமாறுகிறது என்றால், அதன் மூக்குக்கு முன்னாலேயே வெளிக்காற்று எங்கிருந்தோ வருகிறது.

"வண்டியை விட்டுட்டுப் போங்க. காலைல நான் வந்தப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணோணும்" என்றார்.

மறுநாள் ஆறரை மணிக்கு ஜில்லென்று இருந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் கேட்டது. டிக் டிக் டிக் என்று, பக்கத்து வீட்டில் யாரோ தையல் மெஷின் ஓட்டுவது போல. இத்தனை நாளும் இதைக் கேட்டுக்கொண்டுதான் வண்டியை எடுத்திருக்கிறேன், எஞ்சினின் இயல்பான சத்தம் என்று நினைத்து. மூன்று நிமிடத்தில் சத்தம் தேய்ந்து நின்றுவிட்டது. சூட்டில் இரும்பு விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்கிறது. சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் மேல் இருந்த ஹீட் ஷீல்டு தகட்டைக் கழற்றியபோது, மூன்றாம் சிலிண்டர் அருகே ஒரு நட்டு இல்லை. இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டின் ஓரத்தில் மைப்பேனா கசிந்த மாதிரி ஒரு கரிக்கோடு.

புகை வெளியே வருவது சரி, காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்டேன். புகை ஒரே சீராக ஓடுவதில்லை, அலை அலையாகத் துடித்துத் துடித்துப் போகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே அழுத்தம் இறங்கும் கணத்தில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. மெதுவாக ஓடும் ஐடிலிங்கில் இது அதிகம், வேகம் கூடினால் குறைவு. 25 ஏன் 5 ஆனது என்பதற்கும் அதுவேதான் பதில். இன்டேக் கசிவும் இதே மாதிரி எண்களைக் காட்டும் என்பதால்தான் நான் வழி தவறினேன்.

கேஸ்கெட் 350 ரூபாய். கழற்றும்போது நட்டு மாட்டும் ஸ்டட் (மரைத்தண்டு) ஒன்று முறிந்தது. பக்கத்து லேத்தில் நட்டு வைத்து வெல்டிங் அடித்து உருவி எடுத்தார்கள். எல்லாம் சேர்த்து 1,900. முன்பு செலவழித்த 10,700ஐ நினைத்து வயிறு எரிந்தது. கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டினேன். நீண்ட கால எண் இரண்டு நாளில் 2க்கு வந்து நின்றது. மைலேஜ் பழைய 16க்கு ஏறியது. இப்போது 1,21,000 கி.மீ. பி0171 திரும்ப வரவில்லை.

விளக்கு ஒரே ஒரு முறை மறுபடி எரிந்தது, அதுவும் வேறு விதமாக. போன வருடம் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், வண்டி உதறியது. விளக்கு விட்டு விட்டு மின்னியது. நிலையாக எரிந்தால் பொறுமையாக ஓட்டிப் போகலாம், மின்னினால் ஓரங்கட்டிவிட வேண்டும். ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுத் தீர்த்துவிடும், அது பல ஆயிரம் ரூபாய்ச் சாமான். அடாப்டரில் பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டர் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாகப் பற்றி எரியவில்லை. டூல் கிட்டில் இருந்த ஸ்பானரை வைத்து இரண்டாம் காயிலை மூன்றிலும், மூன்றாவதை இரண்டிலும் மாற்றிப் போட்டு ஸ்டார்ட் செய்தேன். கோடு பி0303 ஆனது. காயிலோடு சேர்ந்து கோளாறும் நகர்ந்துவிட்டதால் பிளக்கோ இன்ஜெக்டரோ அல்ல, காயில்தான். மெக்கானிக்குக்குப் போன் செய்தபோது, அந்த சிலிண்டர் இன்ஜெக்டரின் கனெக்டரைப் பிடுங்கிவிடச் சொன்னார், பெட்ரோலே போகாதபடி. மூன்று சிலிண்டரில் இறங்கி வந்தோம். இறக்கம்தானே. பொள்ளாச்சியில் காயில் 1,900 ரூபாய். பிள்ளைகளுக்கு வால்பாறைதான் போச்சு.

கருவியில் குறைகளும் உண்டு. சாக்கெட்டில் எப்போதும் பேட்டரி கரண்ட் வரும் என்பதால், சொருகியபடியே விட்டுவிட்டு ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தால் ஸ்டார்ட்டர் முனகும். எனக்கு முனகியது. ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளை இது படிப்பதில்லை. சில நாள் இணைய மறுக்கும், பிடுங்கிச் சொருகினால் சரியாகும். ஓட்டும்போது எண்களைப் பார்க்கும் ஆசை வரும், பக்கத்தில் யாராவது உட்கார்ந்து பார்க்கட்டும்.

இப்போது அது டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கிறது. நேற்று அலுவலக நண்பர் இரவல் கேட்டார். அவர் வண்டியில் பி0420, அதாவது கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோடு. கன்வெர்ட்டரையே மாற்றச் சொல்லி ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெரிய தொகை கேட்டிருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் கசிந்தாலும் அந்தக் கோடு வரக்கூடும். அடாப்டரைக் கொடுத்தேன். நாளைக் காலை ஆறு மணிக்கு வருகிறேன், அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.