ஆறு அங்குல டாப்சோனியன்: ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு

குறைந்த செலவில் ஒரு டெலஸ்கோப் வேண்டும், கண்ணாலும் பார்க்க வேண்டும், படமும் எடுக்க வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, இரண்டையும் ஒரே கருவியில் தேடாதீர்கள் என்பதுதான். நான் அப்படித் தேடித்தான் ஆரம்பித்தேன்.

2018 ஜூலையில் செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வந்தது. அதைத் தவறவிடக் கூடாது என்ற அவசரத்தில், 114 மி.மீ. கண்ணாடியுள்ள ஒரு டெலஸ்கோப்பை ஈக்குவடோரியல் மவுண்டோடு (வானத்தின் சுழற்சியைப் பின்தொடர்ந்து திரும்பும் தாங்கி) வாங்கினேன். குழாய் அரை மீட்டர்தான் இருந்தது. பெட்டியிலோ குவியத்தூரம் (கண்ணாடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரையான தூரம்) 1000 மி.மீ. என்று போட்டிருந்தது. ஐபீஸை (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை) மாட்டும் ஃபோகஸருக்குள் இன்னொரு வில்லையைப் பொருத்தித்தான் அந்த நீளத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வில்லை நடுவில் இருந்ததால் கண்ணாடிகளை நேர்ப்படுத்துவது பெரும்பாடு. செவ்வாய் ஆரஞ்சு நிறக் கறையாகத் தெரிந்தது. அந்த வருடம் செவ்வாய் முழுக்கப் புழுதிப்புயல், அதனால்தான் என்று நினைத்தேன். சனியும் அதே மாதிரி கலங்கித் தெரிந்தபோது குறை கருவியில்தான் என்று புரிந்தது.

மவுண்ட் இன்னும் மோசம். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். திண்டுக்கல்லில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் பத்து டிகிரி சொச்சம்தான் நிற்கும். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும். அந்தப் பத்து டிகிரிக்கு அச்சைச் சாய்த்தால் எதிர் எடை முக்காலியின் காலில் போய் இடித்தது. நம் ஊர் போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வாங்கும் முன் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். கூடவே ஐபீஸில் திருகி மாட்டும் ஒரு சின்ன சூரிய வடிகட்டியும் கொடுத்திருந்தார்கள். உங்களுக்கும் அப்படி ஒன்று வந்தால் உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். குவிந்த வெயிலின் சூட்டில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும்.

2019இல் அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, ஆறு அங்குல டாப்சோனியன் வாங்கினேன். 150 மி.மீ. கண்ணாடி, 1200 மி.மீ. குவியத்தூரம், அதாவது எஃப்/8 (குவியத்தூரம் கண்ணாடியின் விட்டத்தைப் போல எட்டு மடங்கு). மோட்டார் கிடையாது. பலகையால் செய்த பெட்டியின் மேல் குழாய் உட்கார்ந்திருக்கும், கையால் தள்ளித் திருப்ப வேண்டும். இந்த எளிய அமைப்பைப் பரப்பிய ஜான் டாப்சன் சான்ஃபிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ணர் வழிவந்த வேதாந்த மடத்தில் பல ஆண்டுகள் துறவியாக இருந்தவர். தெருவில் டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டியவர். அவர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

முதல் இரவே சனியின் வளையத்தில் கறுப்புக் கோடாக காசினி இடைவெளி தெரிந்தது. அம்மா பார்த்துவிட்டு, "உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்களாடா?" என்று கேட்டார். குழாயைத் தள்ளச் சொன்னேன். சனி நகர்ந்து போனதும்தான் நம்பினார். ஒன்று சொல்ல வேண்டும்: கூட வந்த 10 மி.மீ. ஐபீஸ் சுமார்தான். அதை மாற்றி பிளாசல் வகையில் ஒரு நல்ல ஐபீஸ் வாங்கிய பிறகுதான் 120 மடங்கில் முழுத் தெளிவு கிடைத்தது. ஐபீஸுக்கும் தனியாகக் கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள்.

மாடித் தளம் பகல் வெயிலைக் குடித்துவிட்டு இரவு பத்து மணி வரை கக்கும். அந்த நேரத்தில் வியாழன் கொதிக்கிற தண்ணீருக்குள் கிடப்பது போல ஆடும். கருவியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்து, தரையில் தண்ணீர் தெளித்துவிடுவேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் இது எதுவும் தேவையில்லை, காற்று அசையாமல் நிற்கும்.

தெற்கு வானம் நமக்குக் கிடைத்த கொடை. ஏப்ரல், மே மாதங்களில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து முப்பது டிகிரிக்கு மேல் ஏறி வருகிறது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தோட்டத்தில் வைத்து 48 மடங்கில் பார்த்தபோது, கறுப்புத் துணியில் ரவையைக் கொட்டியது போல இருந்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இதைப் பார்க்கவே முடியாது. விண்மீன் மண்டலங்கள் (கேலக்ஸிகள்) அப்படி இல்லை. ஆண்ட்ரோமெடா வெறும் சாம்பல் புகைதான், நிறமே தெரியாது. படங்களில் பார்த்த வண்ணத்தை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும்.

2019 டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணம் திண்டுக்கல் வழியாகவே போனது. குழாயின் வாயை முழுக்க மூடும்படி வெயிலை வடிகட்டும் சூரிய ஃபிலிம் ஒட்டி, மூன்று நிமிட வளையத்தைத் தெருவே வரிசையில் நின்று பார்த்தது. அடுத்த வருடம் டிசம்பர் 21 அன்று மேகம் இருபது நிமிடம் விலகியதில், வியாழனும் சனியும் துணைக்கோள்களோடு ஒரே ஐபீஸுக்குள் நின்றன.

சரி, படம். நிலாவுக்கு ஒரு ஃபோன் அடாப்டர் போதும், இன்றைக்கும் அதில்தான் எடுக்கிறேன். டி.எஸ்.எல்.ஆர். கேமராவை நேரடியாக மாட்டினால் ஃபோகஸ் வரவில்லை. கண்ணால் பார்ப்பதற்கென்று செய்த இது போன்ற பல நியூட்டன் வகைக் கண்ணாடி டெலஸ்கோப்புகளில் குவியப் புள்ளி கேமரா சென்சார் வரைக்கும் வெளியே வருவதில்லை. நடுவில் உருவத்தைப் பெரிதாக்கும் பார்லோ வில்லை போட்டால் வரும். கிரகங்களுக்கு ஒரு சின்ன வீடியோ கேமரா வாங்கினேன். 2 மடங்கு பார்லோவோடு வியாழன் கேமராவின் ஃபிரேமைக் கடக்க அரை நிமிடம்கூட ஆகாது. திரும்பத் திரும்பத் தள்ளி, துண்டு துண்டாகப் பிடித்து, ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருளில் ஆயிரக்கணக்கான ஃபிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பட்டைகளும் பெரும் சிவப்புப் புள்ளியும் தெளிவாக வருகின்றன.

இதிலும் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல். 2023 நவம்பரில் வியாழன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நின்றது. டாப்சோனியனை நேர் மேலே தூக்கினால் பக்கவாட்டில் தள்ளப் பிடிமானமே இருக்காது, கிரகத்தைப் பின்தொடரவே முடியாது. இரண்டு மணி நேரம் காத்திருந்து, அது மேற்கே சரிந்த பிறகுதான் எடுத்தேன்.

நெபுலாக்கள் (விண்வெளியின் வாயு, தூசு மேகங்கள்), பால்வீதி எல்லாவற்றையும் இந்த டெலஸ்கோப்பில் எடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். அதற்குக் கண்ணாடியின் அளவை விட, வானத்தோடு சேர்ந்து சுற்றும் மவுண்ட்தான் முக்கியம். அது என் பட்ஜெட்டில் இல்லை. 50 மி.மீ. லென்ஸை முக்காலியில் வைத்து, ஆறு ஆறு விநாடியாக இருநூறு படங்கள் எடுத்து டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற மென்பொருளில் அடுக்குகிறேன். விருச்சிகத்தின் கொடுக்குப் பகுதி அவ்வளவு அழகாக வருகிறது.

2024இல் ஒரு நண்பரின் சீஸ்டார் எஸ்50யைப் பார்த்தேன், தானே வானத்தில் தேடிப் படமெடுக்கும் ஸ்மார்ட் டெலஸ்கோப் அது. 50 மி.மீ. வில்லைதான், ஊருக்கு நடுவிலிருந்தே பத்து நிமிடத்தில் ஓரியன் நெபுலாவை நிறத்தோடு ஃபோனில் காட்டியது. கிரகங்கள் அதில் பொட்டு அளவுதான், கண்ணை வைத்துப் பார்க்க ஐபீஸும் கிடையாது. படம்தான் முதல் ஆசை என்றால் இன்று அதையே வாங்கச் சொல்வேன். கண்ணால் பார்ப்பது முதல் ஆசை என்றால் டாப்சோனியன். எட்டு அங்குலம் இன்னும் நன்றாகக் காட்டும், ஆனால் இருபது கிலோவுக்கு மேல் கனம். மாடிப்படி ஏறித் தூக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு அதிகம் இல்லை. ஐபீஸ் டப்பாவில் சிலிகா ஜெல், ஆறு ஆண்டில் ஒரே ஒரு முறை வடித்த நீரில் கண்ணாடியைக் கழுவினேன். அடிப்பலகை மட்டும் 2023 ஐப்பசி மழையில் ஊறி உப்பிவிட்டது. தச்சரிடம் அளவு கொடுத்து மரைன் பிளைவுட்டில் வேறு பெட்டி செய்துகொண்டேன். பழையதை விட லாவகமாகத் திரும்புகிறது. அந்தப் பெட்டியில் வைத்துத்தான் 2025 கடைசியில் சனியைப் பார்த்தேன். முதல் இரவு அகலமாக விரிந்திருந்த வளையம், ஒரு மெல்லிய கோடாக ஒடுங்கியிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் ஐபீஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.