எந்த டிவியில் நேரலை ஓடும், எதில் வட்டம் சுற்றும்

"இந்த டிவியில அந்த ஆப் வருமா?" என்று கேட்டால் கடையில் "வரும்ங்க" என்பார்கள். பொய்யில்லை, வரும். வருவது வேறு, ராத்திரி எட்டு மணி சீரியல் நிற்காமல் ஓடுவது வேறு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம் பக்கத்து வீடுகளில் ஸ்மார்ட் டிவி, ஸ்டிக் (டிவியின் எச்டிஎம்ஐ ஓட்டையில் சொருகும் சின்னக் கருவி), ஆண்ட்ராய்டு பெட்டி மூன்றிலும் நேரலை ஆப்களை இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்ததில் தெரிய வந்தவை இவை.

டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்தான் முதலில் கைவிடும். சாம்சங்கில் டைசன், எல்ஜியில் வெப்ஓஎஸ் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி மென்பொருள். சில வருஷம் பழைய டிவி என்றால், வாங்கிய வருஷத்தில் என்ன பதிப்போ, பெரும்பாலும் கடைசிவரை அதுதான். ஆப் நடத்துகிறவர்கள் பழைய வருஷங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுவார்கள். ஒருநாள் ஆப் ஸ்டோரிலேயே காணாது, அல்லது லோகோ வந்து கறுப்பாக நிற்கும். ஃபேக்டரி ரீசெட் அடித்துப் பயனில்லை. டிவியின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை வைத்து எந்த வருஷத்து டிவி என்று பார்த்து, சேவையின் உதவிப் பக்கத்தில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டுச் சந்தா கட்டுங்கள். பட்டியலில் இல்லையென்றால் புது டிவி தேவையில்லை. பேனல் நன்றாக இருந்தால் எச்டிஎம்ஐ ஓட்டையில் ஒரு ஸ்டிக் போதும்.

விலை குறைந்த ஆண்ட்ராய்டு பெட்டியில் வேறு சிக்கல். பெட்டி மேல் 8கே என்று தங்க எழுத்தில் போட்டிருக்கும், படம் பழைய கேபிள் மாதிரி மங்கலாக வரும். நெட் மேல் பழி போடாதீர்கள். காசு கட்டிப் பார்க்கும் சேவைகள் வைட்வைன் என்ற பூட்டு போட்டுத்தான் படத்தை அனுப்புகின்றன. அந்தப் பூட்டில் எல்1 என்ற உயர்ந்த நிலை இருந்தால்தான் எச்டி, எல்3 என்ற கீழ்நிலை என்றால் பெரும்பாலான ஆப்களில் 480பி என்ற மங்கல் தரத்தோடு சரி. கூகுள் சான்று இல்லாத பெட்டிகள் அநேகமாக எல்3தான். டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவச ஆப்பை ஏற்றி, 'செக்யூரிட்டி லெவல்' வரியைப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை. யூட்யூப் பளிச்சென்று ஓடுகிறதே என்று காட்டுவார்கள். சாதாரண யூட்யூப் வீடியோவுக்கு அந்தப் பூட்டே கிடையாது, அதனால் அது சோதனை ஆகாது. செல்போன் ஆப்பின் ஏபிகே என்ற கோப்பைப் பெட்டியில் ஏற்றித் தருகிறவர்களும் உண்டு. அதில் ரிமோட்டின் அம்புக்குறி நகராது, மவுஸ் வைத்துத்தான் சேனல் மாற்ற வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் இரண்டே நாளில் ஒதுக்கிவிடுவார்கள்.

ஸ்டிக்குக்கு வரும் புகார்களில் பெரும்பங்கு கரண்ட் சம்பந்தப்பட்டது. ஒயர் தொங்காமல் இருக்கட்டும் என்று டிவியின் யுஎஸ்பியிலேயே சொருகிவிடுகிறார்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 ஓட்டை கொடுப்பது அரை ஆம்பியர், ஸ்டிக் கேட்பதோ 5 வோல்ட்டில் 1 ஆம்பியர். மெனுவில் திரியும்போது ஒன்றும் தெரியாது. எச்டி நேரலை தொடங்கிப் பத்து நிமிஷத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும். கூட வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டினால் தீரும். சுவரில் ஒட்டி மாட்டிய டிவி என்றால் ஸ்டிக்கோடு வரும் குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பையும் போடுங்கள். ஸ்டிக் சூடு குறையும், டிவியின் உலோக முதுகுக்குப் பின்னால் மறையாததால் வைஃபையும் நன்றாகப் பிடிக்கும்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று, செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்து தத்தித் தத்திப் போவது. வேகம் 100 எம்பிபிஎஸ் இருந்தாலும் இது போகாது. நம் நாட்டு ஒளிபரப்பு நொடிக்கு 25 அல்லது 50 படம், ஸ்டிக் வெளியே அனுப்புவது 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 படம். 25-ஐ 60-க்குள் சமமாகப் பங்கிட முடியாததால் சில படம் இரண்டு முறையும் சில படம் மூன்று முறையும் காட்டப்படும். அந்தத் தடுமாற்றம்தான் கண்ணில் படுகிறது. ஃபயர் டிவி ஸ்டிக்கில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ், டிஸ்ப்ளே, வீடியோ ரெசல்யூஷன் என்று போய் 1080பி 50 ஹெர்ட்ஸ் வையுங்கள். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும். கிரிக்கெட்டில் பந்து உருள்வதிலேயே வித்தியாசம் தெரியும்.

இந்தப் பக்கத்துக்கென்றே ஒரு கோளாறு, கரண்ட் போய்வந்ததும் 'இணையம் இல்லை' என்று ஆப் அடம்பிடிப்பது. வைஃபை சேர்ந்திருக்கும், ஆனால் எந்த ஆப்பும் திறக்காது. விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் கடிகாரத்துக்குப் பேட்டரி இல்லை. கரண்ட் வந்ததும் பெட்டி எழுந்துவிடும், ஃபைபர் மோடம் லைன் பிடிக்க இரண்டு மூன்று நிமிஷம் எடுக்கும். அதற்குள் பெட்டி ஏதோ பழைய தேதியை வைத்துக்கொள்கிறது. தேதி தப்பென்றால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது, ஆப் கதவைத் திறக்காது. மோடமில் பச்சை விளக்கு நின்றபின் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால் மோடத்துக்கு மினி யுபிஎஸ் வாங்கலாம். மோடம் அடாப்டரில் 12 வோல்ட் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதோ அதற்குக் குறையாமல், பின் அளவும் பொருந்துவதாகப் பாருங்கள். ஃபைபர் லைன் தரும் கேபிள்காரர் பக்கத்திலும் பேட்டரி இல்லையென்றால் அந்தக் காசு வீண், முதலில் அவரைக் கேளுங்கள்.

படம் வந்து சத்தம் வராவிட்டால் செட்டிங்ஸில் ஆடியோவை டால்பியிலிருந்து பிசிஎம் என்ற சாதாரண வகைக்கு மாற்றுங்கள். ஆப் அடிக்கடி மூடிக்கொண்டால் 8 ஜிபி ஸ்டிக் நிரம்பியிருக்கும், கேஷை (ஆப் சேர்த்து வைத்திருக்கும் தற்காலிகக் கோப்புகளை) அழித்துவிடுங்கள்.

பழைய டியூப் டிவியில் மூன்று கலர் பின் கன்வெர்ட்டர் போட்டு ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். யூட்யூப் வரும், கட்டணச் சேனல் பல நேரம் கறுப்பாகவே நிற்கும். நகல் எடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி என்ற காப்பைப் பல கன்வெர்ட்டர்கள் தாண்டுவதில்லை. அந்த டிவிக்கு அரசு கேபிளோ டிடி ஃப்ரீ டிஷ்ஷோ போதும்.

வேகத்தைவிட நிலையான லைன் முக்கியம். 1080பி நேரலைக்கு 5 எம்பிபிஎஸ் அளவில் போகும், மணிக்கு 2.25 ஜிபி. ஃபைபர் வீட்டுக்கு அது பொருட்டே இல்லை. சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி மலைப்பக்கம் செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்புகிறவர்கள் ஆப்பிலேயே தரத்தைக் குறைத்து 1 எம்பிபிஎஸ் அளவில் வையுங்கள். மணிக்கு 450 எம்பி, 2 ஜிபி டேட்டா நாலு மணி நேரத்துக்கு மேல் வரும். 'ஆட்டோ'வில் விட்டு அது 1080பி-க்கு ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மொத்தமும் தீர்ந்துவிடும். கருங்கல் சுவர் வீடுகளில் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அடுத்த அறைக்குப் போவதற்குள் இளைத்துவிடும். 2.4-இல் போடுங்கள், அல்லது பெட்டிக்கு லேன் ஒயர் இழுத்துவிடுங்கள்.

ஓடிபி எந்த நம்பருக்குப் போகிறது என்பதையும் சந்தா கட்டும்போதே யோசியுங்கள். ஓசூரிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போன பையன் நம்பரில் கணக்கு இருந்தால், டிவி லாக்அவுட் ஆன அன்று அவன் ஷிப்ட் முடிந்து போனை எடுக்கும்வரை ஊரில் டிவி கிடையாது. ஒரே நேரத்தில் இத்தனை திரை என்ற வரம்பும் அந்தக் கணக்கில்தான் சேரும். அவன் அங்கே மேட்ச் பார்த்தால் இங்கே சீரியல் நிற்கும்.

ஒன்றை மட்டும் எந்த ஸ்டிக்கும் சரிசெய்யாது. நேரலை ஆப் பல நேரம் கேபிளைவிட 20, 30 நொடி பின்னால்தான் வரும். துண்டு துண்டாக வெட்டி, சேர்த்து வைத்து ஓட்டுவதால் வரும் தாமதம் அது. கடைசி ஓவரில் பக்கத்து கேபிள் வீடு கத்திவிட்டதென்றால், உங்கள் டிவியில் பவுலர் அப்போதுதான் பந்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.