பிலாட்டீஸ் ஸ்டுடியோ போய்ட்டு வந்து: காசு மெஷினுக்கா, சொல்லிக்குடுக்கறவங்களுக்கா?

பிலாட்டீஸ்னா வயிறு, முதுகு தசைய பலப்படுத்தற ஒரு வகை எக்சர்சைஸ். அதுக்கு நான் போற ஸ்டுடியோவுக்கு எடுத்தவுடனே மார்க் சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. அந்த நாலும் அங்க கிளாஸ் எடுக்கற பொண்ணுக்குத்தான், மெஷினுக்கு இல்ல, ரிசப்ஷனுக்கு சத்தியமா இல்ல. ஸ்டுடியோ பேரு போடல, கீழ கொஞ்சம் திட்டப் போறேன், எதுக்கு வம்பு. தென் சென்னைல ஒரு மருந்துக்கடை மேல மாடில இருக்குன்னு மட்டும் வெச்சுக்கோங்க. டூவீலர் நிறுத்தவே அடிச்சுக்கணும், கார்ல வந்தா பக்கத்து தெருவுல போட்டுட்டு நடந்து வரணும்.

நான் பேங்க் கவுன்டர்ல உக்காந்து உக்காந்து இடுப்பு மரத்துப்போன கேஸு. டாக்டர் பாத்துட்டு பெருசா ஒண்ணும் இல்ல, வயித்து தசையும் முதுகு தசையும் வீக்கா இருக்கு, ஸ்ட்ரென்த் பண்ணுங்கன்னாரு. யோகா, ஜிம், பிலாட்டீஸ் எதுனாலும் ஓகே, விடாம பண்ணா போதும்னும் சொன்னாரு. வீட்டுக்குப் பக்கத்துல இருக்கறது இதுதான், அதனால இது.

ஃபீஸ் கேட்டதும் எங்க அத்தை, "படுத்துக்கிட்டு கால ஆட்டறதுக்கு இவ்வளவு ரூபாயாடி?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். பாதி நேரம் படுத்துக்கிட்டுதான் பண்றோம். ஆனா மறுநாள் தும்மினா வயிறு வலிக்கும், அப்பதான் புரியும்.

அங்க ரெண்டு ரூம். ஒண்ணுல தரையில மேட் விரிச்சுப் பண்ற மேட் கிளாஸ், இன்னொண்ணுல ரிஃபார்மர்ங்கற மெஷின். இன்ஸ்டாகிராம்ல நடிகைங்க எல்லாம் படுத்துக்கிட்டு இழுக்கறாங்களே, கட்டில் மாதிரி ஒரு ஃப்ரேம், அதுல முன்னாடி பின்னாடி ஓடற பலகை, அடியில ஸ்பிரிங், கையில காலுல மாட்ட கயிறு, அதுதான் ரிஃபார்மர். வரவங்க எல்லாரும் நேரா அந்த ரூமுக்குத்தான் போறாங்க, போட்டோ நல்லா வருது, ரேட்டும் அங்கதான் எகிறுது. ஒரு ரிஃபார்மர் கிளாஸ் ஆயிரத்த ஒட்டி வருது, அந்தக் காச மூணு நாலு தடவ குடுத்தா மேட் கிளாஸ் ஒரு மாசத்துக்கே போகலாம்.

நான் ரெண்டும் போய்ப் பாத்தேன். புதுசா வரவங்களுக்கு என் ஓட்டு மேட்டுக்குத்தான், கூட முடிஞ்சா ஒண்ணு ரெண்டு தனி கிளாஸ். ரிஃபார்மர் மோசம்னு சொல்லல. அந்த ஸ்பிரிங் பல இடத்துல நம்மள தாங்கிப் பிடிக்கும், முட்டி வலி, ஆபரேஷன் முடிஞ்சவங்க, இவங்களுக்கெல்லாம் அது வரப்பிரசாதம். ஆனா ஒரு விஷயம் பாருங்க, ஸ்பிரிங் நெறய போட்டா கஷ்டம், கம்மி பண்ணா ஈஸின்னுதான நெனப்போம்? படுத்துக்கிட்டு காலால தள்றப்ப அது சரி. அதே மெஷின்ல கைய ஊனி, உடம்ப குச்சி மாதிரி நேரா நீட்டி பிளாங்க் நில்லுங்க, ஸ்பிரிங் கம்மியானா பலகை ஓடப் பாக்கும், அத நிறுத்தி வெக்கறதுக்குள்ள வயிறு கடகடன்னு ஆடும். இது தெரியாத ஒருத்தர் கிளாஸ் எடுத்தா நம்ம கதி என்னன்னு யோசிச்சுக்கோங்க.

சொல்லிக்குடுக்கறவங்க யாருன்னு பாக்கணும்னு நான் அடிச்சு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பிலாட்டீஸ்ங்கறது ஒரு ஆளோட பேரு, ஜோசப் பிலாட்டீஸ், 1883ல ஜெர்மனில பொறந்தவரு. சின்ன வயசுல ஆஸ்துமா, எலும்பு வலுவில்லாம வளையற ரிக்கெட்ஸ்னு நோஞ்சானா இருந்து உடம்ப தேத்துனவரு. முதல் உலகப்போர் சமயத்துல பிரிட்டன்ல ஜெர்மன்காரர்னு பிடிச்சு முகாம்ல போட்டாங்க, அங்கயும் கூட இருந்தவங்களுக்கு எக்சர்சைஸ் சொல்லிக்குடுத்திருக்காரு, அப்பறம் 1920கள்ல நியூயார்க் போய் ஸ்டுடியோ வெச்சாரு, டான்சர்ங்க எல்லாம் அடிபட்டா அவருகிட்ட ஓடுவாங்களாம். அவரு வெச்ச பேரு கன்ட்ராலஜி, ஊரு அவரு பேரையே வெச்சிருச்சு. 1967ல அவரு இறந்தப்பறம் அந்தப் பேரு யாருக்குச் சொந்தம்னு சண்டை, 2000ல அமெரிக்க கோர்ட்டு இது யோகா மாதிரி பொதுப்பேரு, யாரு வேணா வெச்சுக்கலாம்னு சொல்லிருச்சு. அதாவது போர்டுல பிலாட்டீஸ்னு இருக்கறதால மட்டும் உள்ள இருக்கறவங்க படிச்சவங்கன்னு அர்த்தம் இல்ல. எங்க படிச்சீங்க, எவ்வளவு நாள் டிரெயினிங்னு கூச்சப்படாம கேளுங்க. எங்களுக்குக் கிளாஸ் எடுக்கற பொண்ணு பிசியோதெரபி முடிச்சு அதுக்கு மேல பிலாட்டீஸ் கோர்ஸும் பண்ணிருக்கா, கேட்டதும் சர்டிபிகேட்ட காட்டினா.

இப்ப கிளாஸுக்கு வருவோம். ஹன்ட்ரட்னு ஒண்ணு இருக்கு, பேர கேட்டா பயமா இருக்கும். மல்லாக்கப் படுத்து, கால தூக்கி, தலையும் தோளும் தரைய விட்டு எழும்பி, கைய பக்கத்துல நீட்டி சின்னச் சின்னதா மேல கீழ அடிக்கணும். அஞ்சு அடிக்கு மூச்ச உள்ள இழு, அஞ்சு அடிக்கு வெளிய விடு, இப்படி பத்து ரவுண்டு, ஆக மொத்தம் நூறு. நான் பல்ல கடிச்சுக்கிட்டு அடிச்சுட்டு இருக்கேன், அந்தப் பொண்ணு வந்து என் கழுத்துக்கு அடியில ரெண்டு வெரல வெச்சு, "அக்கா, கழுத்துதான் வேல செய்யுது, வயிறு சும்மா இருக்கு, தலைய கீழ வெச்சிருங்க"ன்னா. வெச்சேன். அடுத்து முட்டிய மடக்கி பாதத்த தரையில வெக்கச் சொன்னா. இப்ப பாத்தா ஒண்ணுமே பண்ணாத மாதிரி கெடக்கறேன், ஆனா தொப்புளுக்குக் கீழ இதுவரைக்கும் இருக்கறதே தெரியாத ஒரு எடம் இறுகுது. யூட்யூப்ல எத்தன வீடியோ பாத்தாலும் அந்த ரெண்டு வெரல் வராதுங்க. நான் நாலு மார்க் குடுத்தது இதுக்குத்தான்.

பலன் என்னன்னு கேட்டா, காலைல எந்திரிக்கறப்ப இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது போச்சு, கேஸ் சிலிண்டர நகத்தறப்ப மூச்ச விட்டு வயித்த இறுக்கிக்கிட்டு நகத்தத் தெரியுது, கூன் போட்டு உக்காந்தா எனக்கே உறுத்துது. இதுக்கு மேல மாயம் மந்திரம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. நாள்பட்ட இடுப்பு வலிக்கு பிலாட்டீஸ் உதவுமான்னு 2015ல மருத்துவ ஆராய்ச்சிகள அலசிப் பாக்கற காக்ரேன்ங்கற அமைப்புக்காரங்க பத்து ஆராய்ச்சிகள சேத்து வெச்சு பாத்தாங்க, பெருசா எந்த சிகிச்சையும் எடுக்காம இருக்கறதுக்கு இது மேல், ஆனா மத்த எக்சர்சைஸ விட ஒசத்தின்னு உறுதியா சொல்ல முடியலன்னு வந்துச்சு. எங்க டாக்டர் சொன்னதும் அதேதான். வெயிட் கொறயணும்னு வரவங்க ஏமாந்துதான் போவாங்க, இதுல எரியற கலோரி கம்மி. நடையோ சைக்கிளோ தனியா வேணும், நான் சாயங்காலம் நடக்கறத விடல.

திட்டு பாக்கி இருக்கு. டிரயல் கிளாஸ் முடிஞ்சு வேர்வை கூட காயல, ரிசப்ஷன்ல மூணு மாச பேக்கேஜ எடுத்து நீட்டறாங்க, இன்னிக்கே கட்டினா டிஸ்கவுன்ட்டாம். இத்தன கிளாஸ்னு மொத்தமா வாங்கினா ஒரு மாசத்துல முடிச்சாகணும், காய்ச்சல்ல படுத்தாலும் அந்தக் கிளாஸ் போனது போனதுதான். சாயங்கால மேட் பேட்ச் ரேஷன் கடை கூட்டம், கைய நீட்டினா பக்கத்து ஆளு மூஞ்சில படுது, அந்தப் பொண்ணால எல்லாரையும் எப்படிப் பாக்க முடியும்? ஏசி வேற ஐஸ் பெட்டி. வழுக்காத சாக்ஸ் கட்டாயம், அங்க வாங்காதீங்க, வெளிய பாதி வெலைக்கு கெடைக்குது.

காசு கட்டறதுக்கு முன்னாடி வீட்லயே கொஞ்சம் பழகிப் பாக்கலாம். யோகா மேட் இதுக்கு மெலிசு, முதுகெலும்பு தரையில உருளறப்ப குத்தும், ஜமக்காளத்த ரெண்டா மடிச்சு மேட்டுக்கு அடியில போடுங்க. முட்டிய மடக்கிப் படுத்து, மூச்ச வயித்துக்கு இல்லாம ரெண்டு பக்க விலா விரியற மாதிரி இழுத்து, விடறப்ப வயித்த லேசா உள்ள வாங்கணும். அது வந்தப்பறம் இடுப்ப மெதுவா ஒவ்வொரு எலும்பா தரைய விட்டு எழுப்பி அதே மாதிரி எறக்கறது, அப்பறம் ஒவ்வொரு காலா தூக்கி வெரல் நுனியால தரைய தொடறது, பக்கவாட்டுல படுத்து கால் தூக்கறது. வாரத்துல ரெண்டு மூணு நாள், இருபது நிமிஷம் போதும். மூச்ச மட்டும் அடக்காதீங்க, பிபி இருக்கறவங்க முக்கியமா. எலும்பு அடர்த்தி கொறஞ்சு பலவீனமா இருக்கு, ஆஸ்டியோபொரோசிஸ்னு டாக்டர் சொல்லிருந்தா முன்னாடி குனிஞ்சு சுருள்றது, பந்து மாதிரி உருள்றது எல்லாம் வேண்டவே வேண்டாம். டிஸ்க் பிரச்சன, கர்ப்பிணிங்க, இப்பதான் பிரசவம் ஆனவங்க டாக்டர கேக்காம ஆரம்பிக்காதீங்க. வலி சுருக்குன்னு குத்தினாலோ காலுக்கு எறங்கினாலோ அப்படியே நிறுத்திடுங்க.

இந்த இடத்துக்கே வரதா இருந்தா காலைல மொத பேட்ச கேளுங்க, அஞ்சாறு பேருதான் இருப்பாங்க. மூணு மாசம் எல்லாம் கட்டாதீங்க, மாசாமாசம் கட்டறேன்னு கறாரா நின்னா ஒத்துக்கறாங்க, எனக்கு ஒத்துக்கிட்டாங்க.