வாத்து முட்டையும் இன்குபேட்டரும்: மூன்று வருட அனுபவம்

மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இன்குபேட்டர் ஓடத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. கோழி இல்லாமலே சூடு கொடுத்துக் குஞ்சு பொரிக்க வைக்கும், முட்டையைத் தானே திருப்பிவிடும் சின்னப் பெட்டிதான். 48 முட்டை என்று போட்டிருந்தது கோழிக் கணக்கு. வாத்து முட்டை என்றால் 30தான் உட்காரும்.

அதற்கு முன்பு அம்மா நாட்டுக்கோழியைத்தான் அடை வைப்பார். எங்கள் வாத்துகள் முட்டையைப் போட்டுவிட்டு வயலைப் பார்த்துப் போய்விடும், அடையில் உட்காராது. கோழிக்கு அடியிலோ எட்டு, ஒன்பதுக்கு மேல் கொள்ளாது.

முதல் தடவை கோழி முட்டைக்குச் சொன்ன முறையிலேயே வைத்தேன். 37.5 டிகிரி, தட்டு நிறையத் தண்ணீர். அடைமழை கொட்டிய கார்த்திகை மாதம். 24 முட்டையில் 5 குஞ்சுதான் வந்தது. மீதியை உடைத்துப் பார்த்தால், முழுசாக வளர்ந்த குஞ்சுகள் சொதசொதவென்று நனைந்து உள்ளேயே செத்திருந்தன. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் ஈரம். முட்டைக்குள் இருக்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றினால்தான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். ஓட்டை உடைக்கும் முன்பு குஞ்சு முதலில் மூச்சு விடுவது அந்த அறைக்குள்தான். மழை மாதத்தில் டெல்டா வீடுகளில் காற்றே ஈரமாக இருக்கும்போது தட்டையும் நிரப்பினால் எப்படி வற்றும்? இப்போது ஐப்பசி, கார்த்திகையில் முதல் 25 நாளுக்குத் தட்டைக் காயவே விடுகிறேன். சித்திரையில் தினமும் ஊற்ற வேண்டியிருக்கிறது. பெட்டிக்குள் காற்றின் ஈரம் 55 சதவீதத்தை ஒட்டி நின்றால் போதும். பெட்டியில் வரும் ஈரம் காட்டும் மீட்டரை மட்டும் நம்பாமல், தனியாக ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள்.

அம்மா ஒரு நாள் கேட்டார்: "கோழி தினம் ஒரு தடவ இரை எடுக்க எந்திரிச்சுப் போவுமேடா, நீ ஏன் எப்பவும் மூடியே வச்சிருக்க?" சரியான கேள்வி. பத்தாவது நாளிலிருந்து காலையில் மூடியைத் திறந்து கால் மணி நேரம் ஆறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை லேசாகத் தெளிக்கிறேன். அதற்கப்புறம் குஞ்சு நன்றாகவே கூடியது. போன ஈட்டில் 28 முட்டைக்கு 21.

முட்டையை வாத்துக் கிடையில்தான் வாங்குகிறேன். சம்பா அறுவடை முடிந்து தாளில் மேய வரும்போது, மந்தையில் ஆண் வாத்து போதுமான அளவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாலில் சுருண்ட இறகு இருந்தால் ஆண். ஏழாவது நாள் இருட்டில் டார்ச் அடித்தால் சிவப்பு நரம்பு வேர் விட்டது போல ஓடும், நடுவில் கருப்புப் புள்ளி துடிக்கும். ஒன்றும் தெரியாததை எடுத்துவிடுங்கள். கூமுட்டை உள்ளே வெடித்தால் மற்ற முட்டைகளும் கெட்டுப்போகும்.

கரண்டுக்கு இன்வெர்ட்டர் கட்டாயம். 2018இல் கஜா புயல் அடித்தபோது நாள்கணக்கில் இருட்டில் கிடந்தவர்கள் நாங்கள்.

25ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, ஈரத்தை 70 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டும். 28ஆம் நாளை ஒட்டிப் பொரிக்கும். ஓட்டில் முதல் கீறல் விழுந்து குஞ்சு வெளியே வர ஒன்றரை நாள் கூட ஆகும். ஒருமுறை பொறுக்காமல் நானே ஓட்டை உரித்தேன். உள் தோலில் ரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குஞ்சு பிழைக்கவில்லை. அப்புறம் கை வைப்பதே இல்லை, முட்டையைக் காதில் வைத்து உள்ளே கீச்சிடுவதைக் கேட்பதோடு சரி.

வெளியே வந்ததும் குளத்தில் விட்டுவிடாதீர்கள். தாய் வாத்தின் எண்ணெய்ப் பசை ஒட்டாத குஞ்சு சீக்கிரம் நனைந்து விறைத்துப்போகும். பல்பு வெளிச்சத்தில் கதகதப்பாக வைத்து, மூக்கு முங்கும் அளவு தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். இறகு முளைக்கும்வரை அது போதும்.