தளங்களை முடக்குவதா, அமைதி நேரம் வைப்பதா?

எல்லோரும் திரை முன்னால்தான் இருக்கிறார்கள், வேலை மட்டும் நகரவில்லை. சரி, சமூக ஊடகங்களை அலுவலக நெட்வொர்க்கில் முடக்கிவிடலாமா? இல்லை, தினமும் 2 மணி நேரம் சாட், மெயில், மீட்டிங் எதுவும் கூடாது என்று வைக்கலாமா?

செலவு
முடக்கம்: ஃபயர்வால் (எந்தத் தளத்தைத் திறக்கலாம், எதைத் தடுக்கலாம் என்று நெட்வொர்க்கில் காவல் நிற்கும் அமைப்பு) இருந்தால் செலவு குறைவு. ஆனால் வேலைக்குத் தேவையான யூடியூப் வீடியோவும் சேர்ந்து முடங்கும். விலக்கு கேட்டு ஐடி பிரிவுக்குக் கோரிக்கைகள் குவியும்.
அமைதி நேரம்: காசு வேண்டாம், பொறுமை வேண்டும்.

எளிமை
முடக்கம்: ஒரே நாளில் முடியும்.
அமைதி நேரம்: முதலில் மீறுபவர் பெரும்பாலும் மேலாளர்தான்.

கவனம்
முடக்கம்: கையில் இருக்கும் போன் மொபைல் டேட்டாவில் ஓடுகிறதே! அதைவிட, அலுவலகச் செய்திகளும் கவனத்தைக் கலைக்கின்றன. அவற்றை எந்த ஃபயர்வாலும் தடுக்காது.
அமைதி நேரம்: குறி வைப்பதே அந்த அலுவலகச் செய்திகளைத்தான். போனை எடுத்துப் பார்க்காவிட்டாலும், அறிவிப்பு வந்த சத்தமே கவனத்தைச் சிதைக்கிறது என்று 2015இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதே ஆண்டு கனடாவில் நடந்த ஆய்வில், மெயிலை நாளுக்கு 3 முறை மட்டும் பார்த்தபோது மன அழுத்தம் குறைந்தது.

வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் குழுவுக்கு அமைதி நேரம் ஒத்துவராது. அங்கே முடக்கமே நடைமுறைக்கு ஏற்றது. நிரல், எழுத்து, கணக்கு என்று ஆழ்ந்து செய்யும் வேலை என்றால் என் ஓட்டு அமைதி நேரத்துக்கு. அப்புறம், அவசரத்துக்கு ஒரு போன் எண்ணைத் திறந்து வையுங்கள்.